மயிலும் பாத்திரமும்: அறிவியல் புனைவுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

கடலூர் சில்வர் பீச்சில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடிக் கதை பேசுவோம். கூட்டத்துக்குப் பெயர் கிடையாது, தலைவர் கிடையாது, சுண்டல் மட்டும் உண்டு. மஞ்சக்குப்பத்திலிருந்து வரும் ஒரு கல்லூரி மாணவி ஒருநாள் கேட்டாள்: "அண்ணா, சயின்ஸ் ஃபிக்‌ஷனுக்கும் ஃபேண்டஸிக்கும் என்ன வித்தியாசம்? ரெண்டுலயும் நடக்காததுதானே நடக்குது?"

நான் கொஞ்சமும் யோசிக்காமல், "ராக்கெட் வந்தா சயின்ஸ் ஃபிக்‌ஷன், ராட்சசன் வந்தா ஃபேண்டஸி" என்றேன்.

"ராட்சசன் ராக்கெட்ல வந்தா?"

சுண்டல் தொண்டையில் நின்றது. அன்றைக்குச் சொல்லத் தெரியாத பதிலைப் பிறகு படித்துப் படித்துத் தேடிக்கொண்டேன். எந்த வரிசையில் தேடியிருந்தால் எனக்குச் சீக்கிரம் விளங்கியிருக்குமோ அந்த வரிசையில் இங்கே தருகிறேன். இதற்கு விஞ்ஞானப் பட்டம் எதுவும் வேண்டாம். பிளஸ் டூ இயற்பியல் பாதி மறந்திருந்தாலும் பரவாயில்லை. இரண்டு பெயர்களுக்கும் தமிழில் பல சொற்கள் புழங்குகின்றன. நான் அறிவியல் புனைவு, மாயப்புனைவு என்றே எழுதப்போகிறேன்.

முதல் படி: இரண்டு பயணங்களை அடுத்தடுத்துப் படியுங்கள்

அறிவியல் புனைவு என்றால் வெளிநாட்டுப் பெயர்களோடு தொடங்குவதுதான் வழக்கம். அவர்களிடமும் போவோம். ஆனால் வித்தியாசம் பளிச்சென்று கண்ணில் பட வேண்டுமானால் நம் ஐம்பெருங்காப்பியங்களில் இரண்டைத் திறந்தாலே போதும். முழுக்கப் படிக்கச் சொல்லவில்லை, ஒன்றிலிருந்து ஒரு காட்சி, மற்றதிலிருந்து ஒரு காட்சி.

மணிமேகலையை முதலில் எடுங்கள். புகாரின் உவவனத்தில் இருக்கும் மணிமேகலையை மணிமேகலா தெய்வம் மயங்கவைத்துத் தூக்கிக்கொண்டு, வான்வழியே முப்பது யோசனை (அந்தக் காலத்துத் தூர அளவு) தெற்கே போய், மணிபல்லவத் தீவில் கொண்டு வைக்கிறது. எப்படிப் பறந்தது? காப்பியம் சொல்லவில்லை, நாமும் கேட்பதில்லை. தெய்வம் என்றால் பறக்கும், அவ்வளவுதான். அதே தீவில், கோமுகிப் பொய்கையிலிருந்து அமுதசுரபி அவள் கைக்கு வருகிறது. அள்ள அள்ளக் குறையாத பாத்திரம் அது.

அடுத்தது சீவக சிந்தாமணி, முதல் பகுதியான நாமகள் இலம்பகம். அரசன் சச்சந்தன் ஆட்சியை அமைச்சன் கட்டியங்காரனிடம் விட்டுவைத்துத் தவறு செய்துவிட்டான். கர்ப்பிணியான அரசி விசயை தப்பிக்க ஒரு வழி வேண்டும். தெய்வத்தை அவன் கூப்பிடவில்லை. தொழில் தெரிந்த ஒருவனைக் கூப்பிட்டு மயில் வடிவத்தில் ஒரு பறக்கும் பொறி செய்யச் சொல்கிறான். அதற்கு என்னென்ன சாமான் வாங்கினான் என்று திருத்தக்கதேவர் பட்டியலே போட்டுவிடுகிறார்: துணி, பிசின், நூல், அரக்கு, மெழுகு. வேலை முடிய ஏழு நாள். அதை ஓட்ட அரசிக்குப் பழக்கிவிடுகிறார்கள். பொறியை வலப்பக்கம் திருகினால் மேலே ஏறும், இடப்பக்கம் திருகினால் கீழே இறங்கும். கடைசியில் கட்டியங்காரனின் வெற்றி முரசு கேட்டு விசயை மயங்கிப்போகிறாள். மயில் இறங்கிச் சுடுகாட்டில் கால் ஊன்றுகிறது. சீவகன் பிறப்பது அங்கேதான்.

ஓட்டுகிறவர் மயங்கினால் வண்டி இறங்கிவிடுகிறது. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய கவிஞருக்கு இது எப்படித் தோன்றியது என்று நான் பலமுறை வியந்திருக்கிறேன்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. "அப்போ நாம அந்தக் காலத்துலயே விமானம் விட்டோம்" என்று யாராவது கிளம்புவார்கள். அரக்கும் மெழுகும் கொண்டு செய்த மயில் பறக்காது. திருத்தக்கதேவர் விமானம் செய்யவில்லை. விமானத்தைப் பற்றிச் செய்பவன் பார்வையில் யோசித்தார். என்னைக் கேட்டால் பெருமைப்பட அதுவே தாராளம்.

இரண்டாம் படி: கட்டியங்காரனிடம் சாவியைக் கொடுங்கள்

இரண்டு காட்சியையும் படித்தாயிற்றா? சரி, இப்போது ஒரு கேள்வி. அந்த மயிலைக் கட்டியங்காரன் திருடி வலப்பக்கம் திருகினால் பறக்குமா?

பறக்கும். திருகுவது நல்லவன் கையா கெட்டவன் கையா என்று பொறிக்குத் தெரியாது.

அமுதசுரபியைக் கட்டியங்காரன் திருடினால்? சோறு வராது. அந்தப் பாத்திரம் ஆளைப் பார்க்கும். ஆண்டுக்கு ஒருமுறை வைகாசிப் பௌர்ணமியில் பொய்கையில் தோன்றும். தகுதியானவர் கைக்குத்தான் போகும். முதல் பிச்சையைக் கற்பில் சிறந்த பெண்ணிடம் வாங்க வேண்டும் என்பதால்தான் மணிமேகலை ஆதிரையின் வாசலில் போய் நிற்கிறாள். மாயப்புனைவில் விதியே கிடையாது என்று சிலர் நினைக்கிறார்கள். தப்பு. விதிகள் நிறைய உண்டு, சில சமயம் அறிவியல் புனைவைவிடக் கறாராகவே இருக்கும். ஆனால் அவை அறத்தின் விதிகள், வரத்தின் விதிகள், சாபத்தின் விதிகள். யார் நீ, யார் மகன், என்ன தவம் செய்தாய் என்று கேட்கிற விதிகள்.

அறிவியல் புனைவின் விதி ஆளைக் கேட்காது. நெருப்பு சுடுவதுபோல எல்லாருக்கும் ஒரே மாதிரி வேலை செய்யும். ராட்சசன் ராக்கெட்டில் வந்தால் என்ன கதை என்ற கேள்விக்கும் இங்கேதான் பதில். அந்த ராக்கெட்டை நானும் ஓட்டலாமா? பழகினால் யாரும் ஓட்டலாம் என்றால் அறிவியல் புனைவு. ராட்சசனின் ரத்தம் ஓடுகிறவன் தொட்டால்தான் கிளம்பும் என்றால், எத்தனை பட்டனும் திரையும் வைத்திருந்தாலும் அது புஷ்பக விமானத்தின் தம்பிதான்.

இதிலிருந்து இன்னொன்றும் கிளைக்கிறது. எல்லார் கையிலும் வேலை செய்கிற பொருள் எல்லார் கைக்கும் வந்துவிடும். ஒரு மயில் நூறு மயிலாகும். அரக்கு விலை ஏறும். மயில் ஓட்ட லைசென்ஸ் கேட்பார்கள். கோட்டை மதிலுக்கு மரியாதை போய்விடும், மதில் கட்டுகிற கொத்தனார் வேலை இழப்பார். திருத்தக்கதேவர் இந்தப் பக்கம் போகவில்லை. ஒரு மயிலோடு நிறுத்திவிட்டார். சுடுகாட்டில் விசயைக்கு உதவ, சண்பகமாலை என்ற பணிப்பெண்ணின் உருவில் ஒரு தெய்வமே வந்துவிடுகிறது. பொறியில் ஏறிய கதை தெய்வத்திடம் போய் இறங்கிவிட்டது. குறையென்று சொல்லவில்லை, அவருடைய அக்கறை வேறு. ஆனால் அந்த நூறாவது மயிலைப் பற்றிக் கவலைப்பட ஆரம்பிக்கிற இடத்தில்தான் அறிவியல் புனைவு தனி வகையாகப் பிரிகிறது.

புதிதாக வருபவர்கள் வழக்கமாக வழுக்கும் இடம் ஒன்று உண்டு. "இது விஞ்ஞானப்படி சாத்தியமா?" என்பதை அளவுகோலாக வைப்பது. அப்படிப் பார்த்தால் காலப்பயணக் கதைகள் எல்லாவற்றையும் மாயப்புனைவுப் பக்கம் தள்ள வேண்டியதுதான். சாத்தியமா என்பது இரண்டாவது கேள்வி. இதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அந்தக் காரணத்துக்கு நான் கட்டுப்படுகிறேன் என்று கதை வாக்குக் கொடுக்கிறதா? கொடுத்த வாக்கைக் கடைசிப் பக்கம் வரை காப்பாற்றுகிறதா? அதைப் பாருங்கள்.

மூன்றாம் படி: நிலாவுக்குப் போன பேயும், எழுந்து நடந்த பிணமும்

இப்போது ஐரோப்பா. கோள்களின் இயக்க விதிகளைக் கண்டுபிடித்த யோகன்னஸ் கெப்ளர் ஒரு நிலாக்கதை எழுதினார். ‘சோம்னியம்’, அதாவது கனவு. அவர் இறந்தபின் 1634இல் வெளிவந்தது. அதில் நிலாவுக்கு மனிதர்களைத் தூக்கிப் போவது பேய்கள். ஆனால் வழியில் காற்று இல்லாததால் பயணிகளின் மூக்கில் ஈரப் பஞ்சு வைக்கிறார்கள். நிலாவில் இறங்கியதும் அங்கிருந்து பூமி எப்படித் தெரியும், எந்தப் பக்கத்திலிருந்து தெரியவே தெரியாது என்று கணக்காகச் சொல்கிறார். பயணம் மாயம், போய்ச் சேர்ந்த இடம் வானியல். பாதி மணிமேகலா தெய்வம், பாதி மயில். இந்த வகை எப்போது பிறந்தது என்று ஒரு தேதி சொல்ல முடியாததற்குக் காரணமே இப்படிப்பட்ட பாதிக்குப் பாதிகள்தான்.

ஆனாலும் பலரும் கை காட்டுவது 1818ஐ. மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ வெளியான ஆண்டு. 1815இல் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்து, அந்தச் சாம்பலால் அடுத்த ஆண்டு ஐரோப்பாவில் கோடையே வரவில்லை. 1816இல் ஜெனிவா ஏரிக்கரை வீடொன்றில் மழைக்கு அடைபட்டுக் கிடந்த நண்பர்கள், ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவது என்று போட்டி வைத்துக்கொண்டார்கள். மேரிக்கு அப்போது பதினெட்டு வயது. செத்த தவளையின் காலில் மின்சாரம் பாய்ந்தால் துடிக்கும் என்று கால்வானி காட்டியிருந்தார். அவருடைய உறவினர் அல்தீனி 1803இல் லண்டனில் தூக்கிலிடப்பட்ட ஒருவன் உடலிலேயே அதைச் செய்து காட்டினார். அந்தக் காலத்துப் பேச்செல்லாம் இதுதான்.

இதை விக்கிரமாதித்தன் கதையோடு வைத்துப் பாருங்கள். முருங்கை மரத்தில் தொங்கும் பிணத்துக்குள் வேதாளம் புகுந்து பேசுகிறது. மேரி ஷெல்லியின் கதையிலும் பிணத்திலிருந்து வந்த உடல் எழுந்து பேசுகிறது. ஆனால் அங்கே புகுந்தது ஆவி அல்ல. ஒரு மாணவன் கல்லூரியில் வேதியியல் படித்து, ராத்திரி பகலாகச் சோதனை செய்து எழுப்பிய உடல். வேதாளத்தை மரத்தில் கட்டியது யார் பொறுப்பு என்று விக்கிரமாதித்தன் கதை ரொம்பக் கவலைப்படுவதில்லை. ஃபிராங்கன்ஸ்டைன் முழுக்கவே அந்தக் கவலைதான்: செய்தவன் நீ, விட்டுவிட்டு ஓடினால் எப்படி? வேதாளம் கேள்வி கேட்டால் விக்கிரமாதித்தன் பதில் சொன்னால் போதும். இந்த உடல் கேட்கும் கேள்விக்குச் செய்தவனிடம் பதிலே இல்லை.

நான்காம் படி: ஒரு பிரெஞ்சுக்காரரும் ஒரு ஆங்கிலேயரும் போட்ட சண்டை

புதுச்சேரிக்காரர்கள் ஜூல் வெர்ன் என்றுதான் சொல்வார்கள், நாம் கடலூரில் ஜூல்ஸ் வெர்ன் என்று இழுப்போம். அவர் 1865இல் நிலாவுக்கு மூன்று பேரைப் பீரங்கியில் வைத்துச் சுட்டார். சுட்ட இடம் அமெரிக்காவின் ஃபுளோரிடா. 1969இல் அப்போலோ 11 கிளம்பியதும் ஃபுளோரிடாவிலிருந்து, போனதும் மூன்று பேர். இதை வைத்து அவரைத் தீர்க்கதரிசி ஆக்கிவிடாதீர்கள். அவர் சொன்ன பீரங்கியில் வைத்துச் சுட்டால் உள்ளே இருப்பவர்கள் வெடித்த நொடியிலேயே நசுங்கிப் போவார்கள். ஆனால் வெர்ன் உட்கார்ந்து கணக்குப் போட்டிருந்தார்.

எச்.ஜி. வெல்ஸ் 1901இல் நிலாவுக்கு அனுப்பிய இருவர், புவியீர்ப்பைத் தடுக்கும் ‘கேவரைட்’ என்ற பொருள் பூசிய உருண்டையில் போனார்கள். வெர்ன் கடுப்பாகிவிட்டார். நான் வெடிமருந்தைப் பயன்படுத்துகிறேன், அவர் இல்லாத ஒரு பொருளை உண்டாக்கிக்கொள்கிறார், அந்த உலோகத்தைக் காட்டட்டும் பார்க்கலாம் என்கிற அர்த்தத்தில் ஒரு பேட்டியில் பேசினார்.

யார் பக்கம் நியாயம்? இளவயதில் நான் வெர்ன் கட்சி. இப்போது வெல்ஸ் கட்சி. வெல்ஸ் ஒரே ஒரு பொய்யைத்தான் கேட்கிறார். அதைக் கொடுத்துவிட்டால் மீதி எல்லாம் காரண காரியத்தோடு நடக்கும். 1895இல் வந்த ‘கால இயந்திரம்’ கதையிலும் அப்படித்தான். இயந்திரம் எப்படி ஓடுகிறது என்று கையை விரித்துவிட்டு, எதிர்காலத்தில் மனித இனம் உழைக்காமல் உண்பவர்களாகவும் மண்ணுக்கடியில் உழைப்பவர்களாகவும் இரண்டாகப் பிளந்து கிடப்பதைக் காட்டுகிறார். அவர் கண் இயந்திரத்தின்மேல் இல்லை, தன் காலத்து இங்கிலாந்தின் முதலாளி தொழிலாளி மேல் இருந்தது.

வெர்ன் பக்கம் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். கடலுக்கடியில் நாட்டிலஸ் கப்பலில் திரியும் கேப்டன் நெமோவை அவர் ‘மர்மத் தீவு’ நாவலில், 1875 வாக்கில், யாரென்று வெளிப்படுத்துகிறார். அவர் ஒரு இந்தியர். புந்தேல்கண்டின் இளவரசர் தக்கார், 1857 கிளர்ச்சியில் ஆங்கிலேயரிடம் எல்லாவற்றையும் இழந்தவர். 1954 வரை பிரெஞ்சுக் கொடி பறந்த ஊருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஆங்கிலேயரின் செயின்ட் டேவிட் கோட்டை இடிபாட்டுக்கு எதிரே இதைப் படிக்கும்போது வருகிற குறும்பான சந்தோஷத்தை நான் மறைக்க விரும்பவில்லை.

ஐந்தாம் படி: தலைக்கு வைக்கும் எண்ணெயால் புயலை நிறுத்துங்கள்

இந்தப் படியில் கொஞ்சம் நின்று போவோம். கடலூர்க்காரர்களுக்கு இது சொந்த விஷயம்.

தாவர ஆராய்ச்சிக்காகவும் கம்பியில்லா மின்காந்த அலை ஆராய்ச்சிக்காகவும் பெயர்பெற்ற ஜகதீச சந்திர போஸ் 1896இல் வங்காளியில் ஒரு சிறுகதை எழுதினார். ‘குந்தலீன்’ என்ற கூந்தல் தைலத்தை விற்றவர் வைத்த கதைப்போட்டி அது. கதையில் தைலத்தின் பெயர் வர வேண்டும் என்பது நிபந்தனை. போஸ் எழுதியது இப்படி: கல்கத்தாவைப் பெரும்புயல் தாக்கப்போகிறது என்று எச்சரிக்கிறார்கள். புயல் வரவே இல்லை, காணாமல் போய்விட்டது. விஞ்ஞானிகளுக்குக் குழப்பம். உண்மையில் நடந்தது என்னவென்றால், காய்ச்சலில் முடி கொட்டிய ஒருவர் கப்பலில் இலங்கைக்குப் போகிறார். அவர் மகள் தலைக்குத் தேய்க்கக் கொடுத்தனுப்பிய தைலம் பெட்டியில் இருக்கிறது. நடுக்கடலில் அலை மலையாக எழும்போது, எண்ணெய் அலையை அடக்கும் என்று படித்தது ஞாபகம் வந்து புட்டியைக் கடலில் வீசுகிறார். கடல் அடங்கிவிட்டது. பரிசும் கிடைத்தது.

சிரிக்கிறீர்களா? எங்கள் கூட்டத்திலும் சிரித்தார்கள். அங்கே வலை தைத்துக்கொண்டிருந்த பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. "எண்ணெ ஊத்துனா அலை நுரைக்காது தம்பி, அது நெசம்" என்றார். நிஜம்தான். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் லண்டனில் ஒரு குளத்தில் ஒரு டீஸ்பூன் எண்ணெய் விட்டு அரை ஏக்கர் தண்ணீரைக் கண்ணாடி மாதிரி ஆக்கிக்காட்டி, 1774இல் கட்டுரையும் எழுதினார். மெல்லிய எண்ணெய்ப் படலம் பரவினால் சிற்றலைகள் எழுவது குறையும், காற்றின் பிடி தளரும்.

ஆனால் புயல்? 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது இந்தப் பக்கம் இருந்தவர்களுக்குத் தெரியும். பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்தன. வெதுவெதுப்பான கடலிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலத்துக்கு ஆவியாகிற நீர்தான் புயலின் தீனி. ஒரு புட்டி தைலம் அதன் மூக்கில்கூடப் படாது.

அப்படியானால் போஸ் எழுதியது எந்த வகை? அறிவியல் புனைவு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மருந்து சரி, அளவு மட்டும் மிகை. கட்டியங்காரன் கேள்வியைப் போட்டுப் பாருங்கள்: புட்டியைக் கொலைகாரன் வீசியிருந்தாலும் கடல் அடங்கியிருக்கும். வீசியவர் செய்த புண்ணியத்துக்கு அதில் வேலை இல்லை. இதே கதையில் அவர் கைகூப்பிக் கடலன்னையை வேண்ட, அலை இறங்கியிருந்தால் அது மாயப்புனைவு. இரண்டுமே நல்ல கதையாக முடியும்.

சென்னைக்கும் இதில் பங்கு உண்டு. வங்கத்தைச் சேர்ந்த ரொக்கேயா சகாவத் ஹுசைன் 1905இல் ‘சுல்தானாவின் கனவு’ என்ற கதையை எழுதியபோது அதை வெளியிட்டது மதராஸிலிருந்து வந்த ஆங்கிலப் பெண்கள் இதழ் ஒன்று. அந்தக் கதையின் நாட்டில் ஆண்கள் வீட்டுக்குள் அடைந்து கிடக்கிறார்கள், பெண்கள் ஆள்கிறார்கள். பெண்கள் பல்கலைக்கழகம் ஒன்று மேகத்திலிருந்தே நீரை இறக்குகிறது. இன்னொன்று சூரிய வெப்பத்தைச் சேர்த்துவைக்கிறது. எதிரிப்படை வந்தபோது அந்த வெப்பத்தையே திருப்பிவிட்டு விரட்டுகிறார்கள். கனவில் நடப்பதால் மாயப்புனைவு என்று எங்களில் ஒருவர் வாதாடினார். கனவு வெறும் வாசற்படி. உள்ளே அடுப்பெரிப்பதும் சண்டை போடுவதும் சூரிய வெப்பம்.

இடையில் பெயர் எப்படி வந்தது

இது சின்ன விஷயம், சீக்கிரம் முடித்துவிடலாம். மேலே சொன்னவர்கள் யாரும் தங்களை அறிவியல் புனைவு எழுத்தாளர் என்று சொல்லிக்கொண்டதில்லை. 1926 ஏப்ரலில் ஹியூகோ கெர்ன்ஸ்பேக் அமெரிக்காவில் இதற்கென்றே தனி இதழ் தொடங்கினார். முதல் இதழில் வெர்னையும் வெல்ஸையும் மறுபிரசுரம் செய்தார். பிள்ளை வளர்ந்து பள்ளிக்கூடம் போகும்போது பெயர் வைத்த கதைதான்.

‘ரோபோ’ என்ற சொல் 1920இல் செக் எழுத்தாளர் கரெல் சாப்பெக்கின் நாடகத்தில் வந்தது. கூலியில்லாக் கட்டாய உழைப்பைக் குறிக்கும் செக் சொல்லிலிருந்து பிறந்தது. சோழர் கல்வெட்டுகளில் அப்படிப்பட்ட உழைப்புக்கு ‘வெட்டி’ என்று பெயர். சாப்பெக் தஞ்சாவூரில் பிறந்திருந்தால் உலகம் முழுக்க இன்றைக்கு வெட்டியாள் என்று சொல்லிக்கொண்டிருக்கும்.

ஆறாம் படி: எங்கே கிடைக்கும், எதை முதலில் எடுப்பது

மணிமேகலையும் சிந்தாமணியும் மதுரைத் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழகம் இரண்டு தளங்களிலும் இலவசமாகக் கிடைக்கின்றன. மூலத்தில் முட்டிக்கொள்ளாமல் உரையோடு உள்ளதை எடுங்கள். ஷெல்லி, வெர்ன், வெல்ஸ் மூவரின் பழைய நூல்களும் காப்புரிமை முடிந்தவை. குட்டன்பர்க் தளத்தில் ஆங்கிலத்தில் இறக்கிக்கொள்ளலாம். காகிதம்தான் வேண்டும் என்றால் கடலூரில் மாவட்ட மைய நூலகம் உண்டு. புதுச்சேரிக்குப் போகிறவர்கள் ரோமன் ரோலன் நூலகத்துக்குள் ஒருமுறை நுழையுங்கள், 1827இல் தொடங்கியது.

தமிழில் பெரும்பாலோர் சுஜாதாவின் வழியாகத்தான் உள்ளே வருகிறார்கள், நானும் அப்படித்தான். ஜீனோ என்ற இயந்திர நாயை ஆனந்த விகடன் தொடரில் வாரம் வாரம் காத்திருந்து படித்த தலைமுறை எங்களுடையது. மின்னணுத் துறையில் வேலை பார்த்தவர் என்பதால் இயந்திரத்தைப் பார்த்து அவர் வாய் பிளப்பதில்லை, அதோடு அரட்டை அடிப்பார். அது ஒரு பெரிய பாடம்.

வரிசை கேட்டால் என் யோசனை: முதலில் வெல்ஸின் கால இயந்திரம், சின்ன நூல், நாலைந்து மணி நேரத்தில் முடியும். அப்புறம் சுல்தானாவின் கனவு, அது அரை மணி நேரம். அதன்பின் ஃபிராங்கன்ஸ்டைன். தொடக்கத்தில் கடிதம் கடிதமாகப் போகும், பொறுமை வேண்டும், விட்டுவிடாதீர்கள். வெர்னைக் கடைசியில் வையுங்கள். மீன் பெயர்களாக அடுக்குகிற பக்கங்களைத் தாண்டிப் போனால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

படிக்கும்போது ஒவ்வொரு கதைக்கும் நோட்டில் இரண்டே வரி எழுதுங்கள். கட்டியங்காரன் கையில் இது வேலை செய்யுமா? இந்தப் பொருளை எடுத்துவிட்டால் கதை நிற்குமா? இரண்டாவது கேள்வி எனக்குச் சூடுபட்டுக் கிடைத்தது. பல வருடம் முன்பு ஒரு பத்திரிகைக்கு கி.பி. 2500இல் நடக்கும் கதை ஒன்று அனுப்பினேன். நாயகன் பறக்கும் ஸ்கூட்டரில் டீக்கடைக்குப் போவான், காதலியோடு சண்டை போடுவான், சமாதானம் ஆவான். ஆசிரியர் ஒரு அட்டையில் ஒரே வரி எழுதித் திருப்பி அனுப்பினார்: "ஸ்கூட்டரைத் தரையில் ஓட்டினால் என்ன கெட்டுவிடும்?" அன்று முழுக்க அவரைத் திட்டினேன். அட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது.

ஏழாம் படி: நம் கடற்கரையை வைத்து ஒன்று எழுதிப் பாருங்கள்

வேற்றுக்கிரகம் தேட வேண்டாம். புதுச்சேரிக் கடற்கரையில் நடந்ததையே எடுங்கள். இந்தக் கரையோரம் மணல் வருடத்தின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருக்கும். 1980களின் பிற்பகுதியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்சுவர் நீட்டினார்கள். மணல் சுவருக்குத் தெற்கே தங்கிவிட்டது. வடக்கே நகரத்துக்கு முன்னால் இருந்த கடற்கரை கரைந்துபோய்க் கருங்கல் மட்டும் மிஞ்சியது. பின்னாளில் கடலுக்குள் செயற்கைத் திட்டு வைத்தபிறகு தலைமைச் செயலகத்துக்கு எதிரே கொஞ்சம் மணல் திரும்பியது.

இதிலிருந்து இரண்டு கதை எழுதச் சொன்னேன். ஒன்றில் மணலைக் கடல் தெய்வம் கோபித்து எடுத்துப் போகிறது. அப்படியானால் யார் மேல் கோபம், யார் மனம் திருந்தினால் மணல் வரும் என்று கதை தானாக மனிதர்களின் மனசுப் பக்கம் ஓடும். இன்னொன்றில் ஒரே ஒரு பொய்க்கு அனுமதி: மணலை விரும்பிய திசையில் நகர்த்தும் கருவி ஒன்று கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. அதை ஒரு ஊர் வாங்கிவிட்டால் பக்கத்து ஊரின் கடற்கரை என்ன ஆகும்? இரண்டு ஊரும் வாங்கினால்? மூன்று வருடம் கழித்துப் படகை எங்கே ஏற்றுவார்கள்? கருவி எப்படி ஓடுகிறது என்று நாலு பக்கம் விளக்காதீர்கள். நம் வீட்டில் மிக்ஸி எப்படி ஓடுகிறது என்று யாரும் யாருக்கும் விளக்குவதில்லை, சட்னியைப் பற்றித்தான் பேசுகிறோம். கடைசியில் "எல்லாம் கனவு" என்று முடித்தால் சுண்டல் கிடையாது.

ராக்கெட்டும் ராட்சசனும் கேட்ட அந்த மாணவிதான் இரண்டாவது கதையை நன்றாக எழுதினாள். தேவனாம்பட்டினத்தில் கருவி வாங்குகிறார்கள், வடக்கே உள்ள குப்பத்தில் கரை தேய்கிறது, ஐப்பசியில் இரண்டு ஊருக்கும் கைகலப்பு. அதை வலை தைக்கும் பெரியவருக்குப் படித்துக் காட்டினாள். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "கதெ நல்லாருக்கு பாப்பா. ஆனா ஐப்பசி கார்த்திகைல மணலு வடக்க போவாது. வாடக் காத்து அடிச்சா தெக்காலதான் தள்ளும்" என்றார்.

வடகிழக்குப் பருவக்காற்றில் திசை மாறும் என்பது அவளுக்கு மறந்துபோயிருந்தது, எனக்கும்தான். அந்த மாதங்களில் கரை இழப்பது தெற்கு ஊர். அப்படியென்றால் ஆறு மாதம் ஒருவன் திருடன், அடுத்த மாதங்களில் இன்னொருவன். மூன்றாம் பக்கத்திலிருந்து அத்தனையும் அடித்துவிட்டு மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறாள். அடுத்த ஞாயிறு கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறாள்.